வீடும் வளவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரீச்சர், வெளிநாட்டில் உழைத்த காசில் திருகோணமலை உப்புவெளியில் 20 பேர்ச் காணி வாங்கி, வீடு கட்ட ஆயத்தமாகிறேன். ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ வீடுகள் என்று வரும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். செங்கல் சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, கையால் இழைத்த கதவு, பூந்தோட்டம். இது எங்கே தொடங்கியது? எங்கள் ஊரில் கட்டலாமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, தாராளமாகக் கட்டலாம். படத்தை மேசனிடம் நீட்டி ‘இதை அப்படியே கட்டித் தாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று சொல்ல, முதலில் அதன் கதை.

இங்கிலாந்தில் ஆலைகள் பெருகி, கதிரையும் கோப்பையும் துணியும் மலிவாகக் குவிந்த காலம். ஒரு பொருளின் அழகைப் பார்க்கும்போது, அதைச் செய்தவன் மனிதனாக இருந்து செய்தானா, இயந்திரத்தின் ஓர் உறுப்பாக இருந்து செய்தானா என்பதையும் பார்க்க வேண்டும் என்று 1850களில் ஜோன் ரஸ்கின் எழுதினார். அதைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் வில்லியம் மொறிஸ். 1859இல் கலியாணம் முடித்த கையோடு, கென்ற் பகுதியில் பெக்ஸ்லிஹீத் என்ற ஊரில் வீடு கட்டத் தொடங்கினார். வரைந்து கொடுத்தவர் அவருடைய நண்பர் பிலிப் வெப். சிவப்புச் செங்கல்லைப் பூசி மறைக்காமல் விட்டார்கள். அதற்கு ‘ரெட் ஹவுஸ்’ என்றே பெயர். அந்தக் காணி ஒரு பழத்தோட்டம். அங்கே நின்ற அப்பிள், செரி மரங்களை இயன்றவரை வெட்டாமல் நடுவே வீட்டை இருத்தினார்கள். உள்ளே வைக்க மனதுக்குப் பிடித்த தளபாடம் கடையில் கிடைக்கவில்லை. ஆகவே மொறிஸும் மனைவியும் நண்பர்களும் தாங்களே சுவரில் சித்திரம் எழுதினார்கள், திரைச்சீலைக்குப் பூவேலை செய்தார்கள், அலுமாரிக்கு வர்ணம் தீட்டினார்கள். அதிலிருந்துதான் 1861இல் அவர்களுடைய கம்பனி பிறந்தது. 1887இல் இதே எண்ணம் கொண்ட கைவினைஞர்கள் ஒரு கண்காட்சிச் சங்கம் அமைத்தபோது, ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

இந்தக் கதையில் எங்களுக்கும் பங்கு உண்டு. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தகப்பன் இறந்த பின் இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்தார். நிலவியல் படித்து, 1903 முதல் இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவருக்கு, கைவிடப்பட்டுக்கொண்டிருந்த தச்சும் நெசவும் தட்டார வேலையும் கண்ணில் பட்டன. திரும்பிப் போய் இங்கிலாந்தில் பிறோட் காம்ப்டன் என்ற சிற்றூரில் குடியிருந்தார். அந்த வீடு பழைய தேவாலயம் ஒன்று. அதைத் திருத்திக் கொடுத்தவர் மொறிஸின் வழி வந்த கட்டடக் கலைஞர் ஆஷ்பி. கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிய தன் பெரிய நூலைக் குமாரசுவாமி 1908இல் அங்கேயே அச்சிட்டு முடித்தார், 425 பிரதிகள். மொறிஸ் தன் புத்தகங்களை அச்சிட்ட அதே கையச்சு இயந்திரத்தில்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனி உங்கள் காணிக்கு வருவோம். பக்கத்தில் கிடைக்கும் பொருள், பக்கத்தில் இருக்கும் தொழிலாளர், அந்த இடத்துக் காற்று மழை, இவற்றிலிருந்து வீடு எழ வேண்டும் என்றுதான் அவர்கள் பாடுபட்டார்கள். கென்ற் வீட்டை உப்புவெளிக்கு இறக்கினால் அவர்களுக்கு எதிராகத்தான் போகிறீர்கள்.

இங்கே காற்றுத்தான் முதல் கணக்கு. வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். செடியிலும் சுவரிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வாடையோடு மழை. பின்னேரங்களில் கடற்காற்று. ஆகவே மேற்கிலும் தென்மேற்கிலும் பெரிய யன்னல் வேண்டாம். அங்கே வேம்பு நின்றால் வெட்டாதீர்கள், இல்லையென்றால் இன்றைக்கே நடுங்கள். கிழக்கே அகலமான விறாந்தை வையுங்கள், எட்டு அடியாவது. ஆறடி விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டால் நடக்க வழியிராது.

விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாக இறக்காமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். புயல் முதலில் பிடிப்பது விளிம்பைத்தான். விறாந்தை பிய்ந்து போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். கைமரங்களை இரும்புப் பட்டியால் சுவரோடு இறுக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அத்திவாரம் வெட்டுமுன் அப்படி ஒருவரோடு இருந்து கதையுங்கள். எந்தக் கூரை நின்றது, எது போனது என்று சொல்வார்கள்.

செங்கல்லுக்குக் காசு போதாதென்றால், கேரளத்தில் லோறி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறையைக் கேளுங்கள். கல்லைப் படுக்கையாக வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குவது. ஏறக்குறையக் கால்வாசிக் கல் மிச்சம், உள்ளே வெக்கையும் குறையும். நன்றாகச் சுட்ட, விளிம்பு உடையாத கல் வேண்டும். ஆனால் கடலுக்கு மிகக் கிட்டிய காணி என்றால் பூசாத செங்கல்லை மறந்துவிடுங்கள். உப்பு அதை அரித்துவிடும்.

இன்னொன்று. மேசன் யார், ஓடாவி யார் என்பதை வரைபடம் போடுமுன் முடிவு செய்யுங்கள். வரைபவரோடு அவர்களையும் ஒரே மேசையில் இருத்துங்கள். இப்போது வரைபடம் முடிந்து, விலை பேசி, கடைசியாகத்தான் தொழிலாளியைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய யோசனைக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது.

கேள்வி: எங்கட வீட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொருமிப் பொருமி உதிருது. சுரண்டிப்போட்டுத் திரும்பத் திரும்பச் சீமெந்து பூசிப் பெயின்றும் அடிச்சாச்சு. அடுத்த மாரிக்குப் பிறகு பழையபடிதான். என்ன செய்யலாம் ரீச்சர்?
– திருக்கடலூர் வாசகி

பதில்: தங்கச்சி, உதிர்கிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கொண்டு வருகிறது. வெயிலில் ஈரம் போய்விடும். உப்பு பளிங்காகி உள்ளேயிருந்து பூச்சைத் தள்ளும். கழுவாத கடல்மண்ணில் சாந்து குழைத்த வீடென்றால் சுவருக்குள்ளேயே உப்பு இருக்கும். சீமெந்துப் பூச்சும் அதன் மேல் பெயின்றும் ஈரத்தை அடைத்துவைக்கின்றன. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். முதலில் கணுக்கால் உயரத்தில் இருந்தது இன்று முழங்காலுக்கு வந்தது அப்படித்தான்.

முதலில் சுவரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். வருடக்கணக்காக மண் சேர்ந்து முற்றம் உயர்ந்திருக்கும். உள்தரையைவிட முற்றம் அரை அடியாவது தாழ்ந்திருக்கும்படி மண்ணை வெட்டி அகற்றுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி போடுங்கள். இந்த இரண்டும் செய்யாமல் வேறெதுவும் செய்து பலனில்லை.

பிறகு உதிர்கிற எல்லைக்கு மேலே இன்னும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். அது திரும்ப உள்ளே போகும். காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். கோடை முழுக்கச் சுவர் வெறுமையாக நின்று காயட்டும். பார்க்க அழகில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் மேல் சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பு. பையில் வரும் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, வெண்ணெய்ப் பதம் வந்ததும் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமண் சேர்த்துக் குழைக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பு வேண்டாம். தேவையென்றால் இரண்டு தரமாகப் பூசலாம். சுண்ணாம்பு சீமெந்தைப்போல் உடனே இறுகாது. காற்றில் உள்ள கரியமிலவாயுவை எடுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். அதற்கு ஈரம் வேண்டும். கச்சான் காலத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு கிழமையாவது காய விடாமல் பாருங்கள். கைக்கு உறை போடாமல் குழைக்கக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். மேலே பெயின்ற் அடிக்காமல் வெள்ளை அடியுங்கள்.

இதன் பிறகும் கொஞ்சம் உப்பு வரத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு தான் உதிர்ந்து சுவரைக் காப்பாற்றும். சில வருடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் நீங்களே பூசிக்கொள்ளலாம்.

முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நின்று அலையை மறிப்பது அந்தக் கல்தான்.

கேள்வி: மான்கள் வந்து என் செவ்வரத்தை, ரோசா எல்லாவற்றையும் மேய்ந்துவிடுகின்றன. வலை கட்டலாமா?
– கோட்டைக்கு அருகில் வசிக்கும் வாசகி

பதில்: வலை மட்டும் வேண்டாம், பிள்ளை. கொம்பு சிக்கி இரவு முழுக்கத் துடிக்கும். தின்னப் பச்சை கிடைக்காமல் குப்பையில் பொலித்தீன் தின்கிற சீவன்கள் அவை. கிளுவைக் கதிகாலை நெருக்கி நட்டு, நடுவே பனைமட்டை வரிந்து ஆளுயர வேலி போடுங்கள். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மான் தாண்டத் தயங்கும். வேலிக்கு வெளியே நித்தியகல்யாணியும் கற்பூரவள்ளியும் நடுங்கள்; பெரும்பாலும் வாய் வைக்காது. அலரியையும் தொடாது. ஆனால் அது மனிதருக்கும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் அலரி நடச் சொல்லமாட்டேன்.

கேள்வி: மகளின் கலியாணத்துக்கு முன் முன்கதவை மாற்ற வேண்டும். ஓடாவியார் கேட்கும் கூலிக்குக் கடையில் இரண்டு கதவு வாங்கலாம் என்கிறார்கள் வீட்டில். எது புத்தி?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: ஐயா, நான் ஓடாவியின் மகள். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டே கேளுங்கள்.

மலிவான கடைக்கதவு பலவற்றின் உள்ளே இருப்பது அமுக்கிய மரத்தூள், வெளியே மெல்லிய ஒரு தோல். உள்ளறைக்கு அது போதும். முன்கதவோ மழைக்கு முகம் கொடுப்பது. மாரியில் அடிப்பக்கம் தண்ணீர் குடித்து உப்பினால், பிறகு எந்த ஓடாவியாலும் அதைத் திருத்த முடியாது.

நல்ல ஓடாவி செய்யும் கதவில் நெடுஞ்சட்டத்தில் துளை இருக்கும். குறுக்குச் சட்டத்தின் நுனியில் அந்தத் துளைக்கு அளவான கழுந்து இருக்கும். இரண்டையும் சேர்த்து, குறுக்கே துளைத்து மரமுளை அடித்திருப்பார். நடுப்பலகையை மட்டும் ஒட்டவும் மாட்டார், முளை அடிக்கவும் மாட்டார். சட்டத்தின் காடிக்குள் செருகி விடுவார். மரம் மாரியில் ஊதும், கச்சானில் சுருங்கும். அசைய இடம் இருந்தால் பலகை வெடிக்காது. ஆவணி மாதத்தில் பழைய கதவொன்றின் கிட்டப் போய்ப் பாருங்கள். சட்டத்தை ஒட்டி, பலகையின் ஓரத்தில் நூலளவுக்கு வர்ணம் படாத வெளிறிய கோடு தெரியும். வர்ணம் அடித்த நாளில் காடிக்குள் இருந்த மரம் அது. கார்த்திகை மழை தொடங்கியதும் கோடு உள்ளே போய்விடும். இப்படி வருடா வருடம் போய் வரும் கதவு, நன்றாகப் பார்த்துக்கொண்டால், உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் நிற்கும். கீழ்ச்சட்டம் உக்கினால் அந்த ஒரு சட்டத்தை மட்டும் கழற்றி மாற்றலாம்.

வேலை சுத்தமா என்று அறிய, சட்டங்கள் சந்திக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவுங்கள். நகம் இடறக் கூடாது.

முதிரைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். விலையும் கூட, நல்ல மரம் கிடைப்பதும் அரிது. காய்ந்த வேம்பு போதும். கறையான் அதை எளிதில் நாடாது. இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து வரும் கதவு, நிலை இருந்தால் இன்னும் நல்லது, பல மாரி கண்டு பதப்பட்ட மரம். சொந்த வளவில் நிற்பதாக இருந்தாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

கூலி விசயம். மேலே சொன்ன ஆஷ்பி 1888இல் லண்டனில் ஒரு கைவினைச் சங்கம் தொடங்கி, 1902இல் தொழிலாளரையும் அவர்களுடைய குடும்பங்களையும் சிப்பிங் காம்ப்டன் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். தச்சு, வெள்ளி வேலை, அச்சு எல்லாம் நடந்தது. வேலையில் குறையில்லை. அதே வடிவங்களைப் பெரிய கடைகள் இயந்திரத்தில் செய்து மலிவாக விற்றபோது தாக்குப்பிடிக்க முடியாமல் 1908 அளவில் சங்கம் கலைந்தது. எங்கள் ஊரிலும் அதுதான் நடக்கிறது. ஓடாவியின் மகன் முச்சக்கரவண்டி ஓட்டப் போவது தச்சு கசந்ததால் அல்ல. நாங்கள் கடைக்கதவின் விலையைச் சொல்லி அவருடைய தகப்பனின் கூலியைக் குறைத்ததால். கேட்ட கூலியைக் கொடுங்கள் ஐயா. நாள் கணக்கில் கொடுத்தால் அவருக்கும் அவசரம் இராது, மரத்தையும் காய விடுவார். கலியாணத்துக்கு இன்னும் மூன்று மாதமாவது இருந்தால் இன்றே போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் எங்கள் வளவு முழுக்க வெள்ளை மணல். புல்தரையும் ரோசாப் பாத்தியும் போட்டேன். கிணறு உவராகிவிட்டது, புல்லும் கருகிவிட்டது. ஆங்கிலேயரின் குடிசைத் தோட்டம் மாதிரி ஒன்று வரவே வராதா?
– நிலாவெளி வாசகி

பதில்: மகள், புல்தரையை விடுங்கள், கிணற்றைக் காப்பாற்றுங்கள். கடற்கரை மணலுக்குள் மழைத்தண்ணீர் உவர்த்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே எழும்பிவிடும். கோடையில் சின்ன மோட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள். புல்லுக்கு ஊற்றும் தண்ணீர் முழுவதும் கிணற்றிடம் கடன் வாங்குவது.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பணக்கார வீடுகளில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த வெளிநாட்டுப் பூக்களை வரிசை வரிசையாக நட்டு, பருவம் முடியப் பிடுங்கி எறிவார்கள். வில்லியம் றொபின்சன் என்ற ஐரிஷ்காரர் 1870இல் அதை எதிர்த்து எழுதினார். அந்த மண்ணில் பராமரிப்பில்லாமல் தானே வாழக்கூடிய செடியை நடுங்கள் என்றார். நீங்கள் படத்தில் பார்த்த குடிசைத் தோட்டங்கள் அந்த எண்ணத்தில் செழித்தவை. அதை நிலாவெளியில் செய்வதென்றால் ரோசாவுக்கு இங்கே இடமில்லை.

கடற்பக்கம் தாழையும் பூவரசும் உப்புக் காற்றை மறிக்கட்டும். அதற்கு உள்ளே தென்னை. தென்னையின் அடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, இரண்டு மூன்று அடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண் போட்டு மூடுங்கள். மாரி மழையைக் குடித்து வைத்திருந்து கோடையில் வேருக்குக் கொடுக்கும். குசினித் தண்ணீர் போகும் வழியில் வாழை. வேலியில் முசுட்டையும் தூதுவளையும் படரட்டும். கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி. முருங்கையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பூ வேண்டுமென்றால் நந்தியாவட்டை, கடதாசிப்பூ, முல்லை. கூட்டிய சருகை எரிக்காமல் செடியடியில் குவியுங்கள். மணலுக்கு அதுதான் சாப்பாடு. நடுகை எல்லாம் ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு. சித்திரையில் நட்டுவிட்டுத் தண்ணீர் சுமப்பது வீண் வேலை.

முற்றத்தின் நடுவை மணலாகவே விடுங்கள். விடியப்புறம் ஈர்க்குமாறு போட்ட வெள்ளை மணல் முற்றம் எந்தப் புல்தரைக்கும் தாழ்ந்ததில்லை.

கேள்வி: பிள்ளைகள் கனடாவிலிருந்து ஒவ்வொரு முறையும் சாமான் கொண்டுவந்து குவிக்கிறார்கள். வீட்டில் நடக்க இடமில்லை. எறியவும் மனம் வருதில்லை.
– சாம்பல்தீவு, ஓய்வுபெற்ற தம்பதியினர்

பதில்: மொறிஸ் 1880இல் பர்மிங்ஹாம் நகரில் பேசும்போது ஒரு விதி சொன்னார். உபயோகம் என்று உங்களுக்குத் தெரிந்ததையோ, அழகு என்று நீங்கள் நம்புவதையோ தவிர வேறெதையும் வீட்டில் வைக்காதீர்கள் என்பதே அது. அதோடு மூன்றாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: பிள்ளை தன் கையால் தந்தது. அதற்கு ஓர் அலுமாரித் தட்டு ஒதுக்குங்கள். தட்டு நிரம்பினால் ஒன்றை எடுத்துத்தான் இன்னொன்றை வைக்கலாம். மிச்சத்தைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுங்கள். அடுத்த முறை என்ன கொண்டுவர என்று கேட்டால், ‘ஒரு கிழமை கூட நின்றுவிட்டுப் போ’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் சின்ன வயதிலிருந்து பன் புல்லில் பாய் இழைக்கிறேன். உம்மா பழக்கியது. இப்ப பிளாஸ்ரிக் பாய்க்கு முன்னால் ஆர் வாங்குறாங்க? மகள், ‘இத விட்டுட்டு ரெஸ்ட் எடுங்க உம்மா’ என்கிறா. விடவா?
– கிண்ணியா வாசகி

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த பாயின் துண்டை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓரம் மடக்கிய விதத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு இழையும் திரும்பி உள்ளே போய், தனக்கு முந்திய இரண்டு இழைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. நுனி எங்கே முடிகிறது என்று வில்லைக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது. சிவப்பு இழை மூலையில் திரும்பும்போதும் கோலம் குழம்பவில்லை. இதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தொழிலின் மேல் உள்ள பாசத்துக்காக நட்டத்தில் இழைக்கவும் சொல்லமாட்டேன். பன் வெட்டப் போன நாள், காயப்போட்ட நாள், சாயம் காய்ச்சிய நாள், இழைத்த நாள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வயல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாட்கூலியால் பெருக்குங்கள். அதுதான் பாயின் விலை. அந்த விலைக்குப் படுக்கிற பாயாக அது விலைபோகாது. இங்கேதான் யோசனை வேண்டும்.

மினெற் டி சில்வா என்ற கட்டடக் கலைஞர், 1940களின் கடைசியில் கண்டியில் ஒரு வீடு வரைந்தபோது, தும்பறை நெசவாளரையும் சுடுமண் வேலைக்காரரையும் அழைத்து அவர்களுடைய வேலையை வீட்டின் பாகமாகவே ஆக்கினார். பாய் தரையில்தான் கிடக்க வேண்டும் என்று சட்டமில்லை. வெயில் மறைக்கும் தட்டி, அலுமாரிக் கதவின் நடுப்பலகை, ஓட்டுக்கு அடியில் வெக்கையை மறிக்கும் விரிப்பு என்று எத்தனையோ செய்யலாம். உப்புவெளித் தம்பி வீடு கட்டப் போகிறாரே, அவர் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன். நிலாவெளி விடுதிக்காரர்களும் வாசிக்கட்டும்.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைச்சாயத்தின் பச்சையும் ஊதாவும் உங்கள் வேலைக்கு மதிப்பைக் குறைக்கின்றன. சப்பங்கக் கட்டையை அவித்தால் வரும் சிவப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மஞ்சள் வெயிலில் மங்கும், உள்வீட்டுப் பாய்க்கு மட்டும் போடுங்கள். குமாரசுவாமியின் முதல் மனைவி எதெல் இலங்கைக் கைவேலைகளைக் கண்ணால் கண்டவர். பிற்காலத்தில் இங்கிலாந்தில் பேர்பெற்ற நெசவாளராகி, 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தேயிலைக் கறையைப் போன்ற அடங்கிய நிறங்களுக்கு இன்றைக்கும் நல்ல விலை உண்டு.

பாயின் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் கிண்ணியா என்ற ஊர்ப் பெயரையும் இழைத்துவிடுங்கள். பன் வெட்டும்போது ஒரு பக்கத்தை அடுத்த வருடத்துக்கு விட்டு வெட்டுங்கள். மகளை வற்புறுத்த வேண்டாம். கணக்குக் கொப்பியை மட்டும் அவவிடம் கொடுங்கள். விலை பேசவும் படம் எடுத்து அனுப்பவும் அவ உங்களைவிடக் கெட்டி. முதல் பாய் சரியான விலைக்குப் போனால் எனக்கும் எழுதுங்கள். எனக்கு ஒன்று வேண்டும், சிவப்பும் இயற்கை நிறமும், ஆறடிக்கு மூன்றடி. முழு விலையும் தருவேன்.

கேள்வி: அப்பப்பா காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரையில் வெடிப்பு விட்டிருக்கிறது. மேலே ரைல்ஸ் பதிக்கலாமா?
– பாலையூற்று வாசகர்

பதில்: பதிக்காதீர்கள். அந்த மினுக்கம் பல வருடம் கால் பட்டு, கை பட்டு வந்தது. ஒருமுறை கொத்தினால் திரும்ப வராது. வெடிப்பைக் கத்தி முனையால் கொஞ்சம் அகட்டி, தூசியை ஊதி, ஈரமாக்கி, சீமெந்தோடு சிவப்புத் தூள் கலந்து பசைபோல் அடையுங்கள். முதலில் ஒரு மூலையில் சின்னத் துண்டு செய்து காய விட்டு நிறம் பாருங்கள். காய்ந்தால் நிறம் வெளிறும், அதற்கேற்பத் தூளைக் கூட்டுங்கள். நான்கைந்து நாள் ஈரச்சாக்கு போட்டு மூடிவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்புப் பொலிஷை மெல்லியதாகப் பூசி, பொச்சுமட்டையின் வெட்டுப் பக்கத்தால் தேயுங்கள். நின்றபடி காலால் தேய்த்தால் முதுகு நோகாது. பூசிய அன்று வயதானவர்களை அந்தப் பக்கம் நடக்க விடாதீர்கள், வழுக்கும்.